பட்டா, நத்தம், புறம்போக்கு: நிலத்தின் சொற்கள் மொழி மாறிய கதை



எங்கள் வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். (பெயரைப் போட்டால் அடிக்க வருவாள், அதனால் வேண்டாம்.) பகுதி நேர வேலையாக, ஸ்பெயினில் வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டுப் பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறாள். போன மாதம் ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டேய், ஒரு பத்திரத்தில் கதாஸ்த்ரோ என்கிறான், அடுத்த வரியில் ரெஹிஸ்த்ரோ என்கிறான். அகராதியில் இரண்டுக்கும் பதிவேடு என்றுதான் போட்டிருக்கிறது. என்னடா வித்தியாசம்?"

எனக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அவள் விளக்கத்தைப் படித்துக் காட்டியதும் பதில் சொல்லிவிட்டேன். கதாஸ்த்ரோ என்பது வரி போடுவதற்காக நிலத்தை அளந்து வைத்திருக்கும் கணக்கு. ரெஹிஸ்த்ரோ என்பது யார் யாருக்கு விற்றார்கள், யார் சொந்தக்காரர் என்று பதியும் இடம். ஒன்று நம்ம ஊர் தாலுகா ஆபீஸ், இன்னொன்று நம்ம ஊர் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ். ஒன்றில் பட்டா, மற்றொன்றில் பத்திரம். இரண்டிலும் அளவு ஒத்துப்போகாமல் ஜனங்கள் அலைவதும் அங்கேயும் உண்டாம்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வேறு வழியில்லாமல் தெரிந்துகொண்டதுதான். நான் பாம்பன் பக்கத்துக்காரன். மேற்படிப்புக் கடனுக்காக வீட்டுக் காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா ஒரு டைப்பிஸ்ட்டிடம் கொடுத்து அடித்து வாங்கி வந்தார். எங்கள் வீடு இருப்பது கிராம நத்தத்தில். அது 'வில்லேஜ் வேஸ்ட்' ஆகிவிட்டது. எல்லையில் 'கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு' என்று இருந்தது 'சீசைட் வேஸ்ட்லேண்ட்' ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, அப்பத்தா பெயரில் இருந்த 'தூய பட்டா' என்பது 'ப்யூர் லீஸ்' என்று வந்திருந்தது. காகிதத்தைப் பார்த்த அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "லீஸ் என்றால், ஓனர் யார்?"

அப்பா பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். நான்கு தலைமுறையாக இருக்கிற வீட்டுக்கு ஓனர் யார் என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

அந்த டைப்பிஸ்ட் மேல் எனக்கு முதலில் பயங்கரக் கோபம். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தபோது, அவர் செய்த தவறு அவருடையது மட்டும் இல்லை என்று புரிந்தது. பட்டாவை 'லீஸ்' என்று எழுதியவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை. கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியது 17-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். இவர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தர்காக்களுக்கும் நிலம் விட்ட செப்பேடுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இராமநாதபுரம் வரலாற்றுக்காரர் எஸ்.எம்.கமால் அவற்றைத் தேடித் தொகுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். அந்தக் காலத்துத் தானப் பத்திரங்களில் நிலத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். 'நிலம் உனக்குச் சொந்தம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதில்லை. நஞ்சை, புஞ்சை, மாவடை, மரவடை, கிணறு, புதையல், கல், இனி விளையப் போவது என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இதற்கு அஷ்டபோகம் என்று பெயர். எட்டு வகை அனுபவம். இன்றும் பழைய பாணியில் எழுதும் கிரயப் பத்திரங்களில் இந்த வரிசை வரும். நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவோம், அது வேறு விஷயம் :-)

அதாவது ஒரே நிலத்தில் பல பேருக்குப் பல அனுபவம் இருக்கலாம். விளைச்சலில் மேல்வாரம் ஒருவருக்கு, குடிவாரம் உழுகிறவனுக்கு. கோயிலுக்கு ஒரு பங்கு, கணக்குப்பிள்ளைக்கு ஒரு பங்கு, தலையாரிக்கும் கண்மாய் மடை திறக்கிறவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. 'இதில் யார் ஓனர்?' என்ற கேள்வியே அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது.

அந்தக் கேள்வியைக் கேட்டது கம்பெனி. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1803-ல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன்தாரிணி என்று ஒரு சன்னது கொடுத்தார்கள். அந்தச் சன்னதின் பெயரே வேடிக்கை: 'சன்னத்-இ-மில்கியத்-இ-இஸ்திம்ரார்'. மில்கியத் என்றால் உடைமை, இஸ்திம்ரார் என்றால் என்றென்றைக்கும். இங்கிலாந்து நிலச் சட்டத்தில் ஊறியவர்களின் எண்ணத்தை, அரபியும் பாரசீகமும் கலந்த சொல்லில் எழுதி, தமிழ் பேசும் ஒரு அரசியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம் சென்னையில் பிறப்பித்த 1802-ம் ஆண்டின் 25-வது ரெகுலேஷன், ஜமீன்தார்தான் மண்ணின் உடைமையாளர் என்று சொல்லிவிட்டது. ஜமீன் என்ற பாரசீகச் சொல்லுக்கு நிலம் என்றுதான் அர்த்தம். ஜமீன்தார், நிலத்தை வைத்திருப்பவர். அதை 'புரொப்ரைட்டர்' என்று மொழிபெயர்த்த அந்த ஒரு சொல்லில், வரி வாங்கும் உரிமை மண்ணின் உரிமையாகிவிட்டது.

அப்படியானால் உழுகிறவன் யார்? அவன் குத்தகைக்காரன் ஆகிவிட்டான். அதே 1802-ல் வந்த 30-வது ரெகுலேஷன், ஜமீன்தார் ஒவ்வொரு ரயத்துக்கும் பட்டா கொடுக்க வேண்டும், ரயத்து பதிலுக்கு முச்சலிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. 'இவ்வளவு நிலம், இவ்வளவு வாரம்' என்று ஜமீன்தார் கொடுக்கும் காகிதம் பட்டா. 'சரி, கட்டுகிறேன்' என்று குடியானவன் கொடுப்பது முச்சலிக்கை. ஆகவே அந்தக் காலத்து ஆங்கிலக் காகிதங்களில் பட்டாவை 'லீஸ்' என்று எழுதினார்கள். ஜமீன் ஊர்களில் அதுவும் முழுத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே மாகாணத்தில் ரயத்துவாரி ஊர்களில் என்ன நடந்தது? அங்கே ஜமீன்தார் கிடையாது. சர்க்கார் நேரடியாக உழுகிறவன் பெயரில் நிலத்தைப் பதிந்து அவனுக்கும் ஒரு காகிதம் கொடுத்தது. அதற்கும் பட்டா என்றுதான் பெயர்! அங்கே பட்டாதாரர் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கலாம். ஒரே சொல், இராமநாதபுரம் ஜமீனில் குத்தகைச் சீட்டு, பக்கத்து ரயத்துவாரி ஊரில் சொந்தக்காரன் என்பதற்கான அத்தாட்சி. இதை எந்த அகராதியில் தேடுவது?

தேடுவதற்கு ஒரு அகராதி வரத்தான் செய்தது. 1855-ல் எச்.எச்.வில்சன் வெளியிட்ட நீதி, வருவாய்ச் சொற்களின் அகராதி. வில்சன் ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர். அரபி, பாரசீகம், சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம் என்று எல்லா மொழி நிலச் சொற்களையும் ஒரே புத்தகத்தில் போட்டு ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதினார். பிரம்மாண்டமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் லண்டனில் உட்கார்ந்துகொண்டு செய்த உழைப்பு. பிறகு 1889-ல் டி.ராஜாராம் ராவ் எழுதிய இராமநாதபுரம் சமஸ்தான மேனுவல் வந்தது. இது உள்ளூரிலேயே இருந்து எழுதியது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் அதில் சொற்கள் ஊர்களோடு வருகின்றன.

கண்மாய் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்துக்காரனுக்கு கண்மாய் வேறு, ஊருணி வேறு. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு. கண்மாய்க்குக் கரை, மடை, கலுங்கு எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'டேங்க்'. இந்த டேங்க் என்ற சொல்லே போர்ச்சுகீசியர்களின் 'தாங்கே'யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள், குஜராத்திச் சொல் என்றும் சிலர் சொல்வார்கள். என் தோழியிடம் கேட்டேன், ஸ்பானிஷில் குளத்துக்கு 'எஸ்தாங்கே'யாம். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைப் போய்ப் பார்க்காத ஒரு ஆங்கிலேயன் 'டேங்க்' என்று படித்தால் மொட்டைமாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, பட்டாவுக்குத் திரும்புவோம். நூறு வருடம் ஜமீன் ஊர்களில் வழக்கு மேல் வழக்கு. 1908-ல் வந்த சென்னை எஸ்டேட் நிலச் சட்டம்தான் ரயத்துக்கு நிலத்தில் நிலையான அனுபவ உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் (26/1948) வந்தது. அடுத்த ஆண்டே இராமநாதபுரம் ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ரயத்துவாரியாக மாற்றியது. அதன்பின் இங்கேயும் பட்டா என்றால் சர்க்கார் கொடுப்பது. அதாவது எங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் 'லீஸ்' என்று எழுதினால் சரி. எங்கள் அப்பத்தா காலத்தில் அதையே எழுதினால் தப்பு. சொல் மாறவே இல்லை. அதற்குள் இருந்த பொருள் மட்டும் முழுக்க மாறிவிட்டது. டைப்பிஸ்ட் பாவம், ஏதோ பழைய அகராதியைப் பார்த்திருப்பார்.

'தூய பட்டா' கதை இன்னும் ரசமானது. நத்தத்தில் வீடு வைத்திருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்க நத்தம் நிலவரித் திட்டம் என்று ஒன்று வந்தது. முதலில் அளந்து உத்தேசமாக ஒரு பட்டா, அது தோராயப் பட்டா. ஆட்சேபணை எல்லாம் கேட்டு முடித்தபின் கொடுத்தது தூய பட்டா. ஆங்கிலத்தில் 'ரஃப் காப்பி, ஃபேர் காப்பி' என்போமே, அந்த ஃபேர்தான் தமிழில் தூய ஆகியிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல் மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும்போது வந்த வழியை மறந்து 'ப்யூர்' ஆகிவிட்டது. நல்லவேளை 'ஹோலி பட்டா' என்று எழுதாமல் விட்டார்.

இப்போது புறம்போக்கு. இந்தச் சொல்லுக்கு நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம். புறம் + போக்கு. வரி போடும் கணக்குக்குப் புறத்தே போனது, அவ்வளவுதான். கணக்குப்பிள்ளையின் பார்வையில் அது வரி வராத நிலம். ஊரின் பார்வையிலோ அது மேய்ச்சல் நிலம், களத்துமேடு, சுடுகாடு, கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, கடற்கரை. எல்லாருக்கும் வேண்டியது, அதனால்தான் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காமல் வெளியே வைத்தார்கள். வரி வராத நிலத்தை ஆங்கிலத்தில் 'வேஸ்ட்' என்று எழுதும் வழக்கம் இங்கிலாந்திலேயே உண்டு. அங்கே பழைய சட்டத்தில் 'வேஸ்ட்' என்பதே ஊர்ப் பொது நிலத்துக்கு ஒரு பெயர்தான். ஆனால் இங்கே வந்து மறுபடி தமிழில் இறங்கியபோது 'தரிசு', 'வீண் நிலம்' என்று ஆயிற்று. இன்று ஒருவனைப் 'பொறம்போக்கு' என்று திட்டினால் உதவாக்கரை என்று அர்த்தம். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வந்தபோதுதான் பல பேருக்கு அது வசைச் சொல் இல்லை, ஊருக்குப் பொதுவான இடத்தின் பெயர் என்று ஞாபகம் வந்தது.

நத்தம் வேறு, புறம்போக்கு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நத்தம் என்பது குடியிருப்பு. வீடும் கொல்லையும் இருக்கிற இடம். அதற்கும் பழைய நாளில் தீர்வை கிடையாது, அதனால் கணக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் வரும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் கிராம நத்தத்தில் வீடு கட்டி இருப்பவரின் இடம் சர்க்காருக்குச் சொந்தமானது அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. எங்கள் காகிதத்தில் 'வில்லேஜ் வேஸ்ட்' என்று அடித்த அந்த இரண்டு வார்த்தை, இந்தத் தீர்ப்பையெல்லாம் ஒரே தட்டலில் காலி செய்துவிட்டது.

நிலத்தில் இவ்வளவு சிக்கல் என்றால் கடலில்? எங்கள் கரைக்குப் பாதி வாழ்க்கை கடலில்தானே. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே உள்ள கடல், துறைமுகம், கழி இவற்றின் படுகை எல்லாம் சர்க்காருடையது என்றது. ஆனால் அதற்குச் சற்று முன்னால், பாக் விரிகுடாவில் சங்குப் படுகை யாருடையது என்று ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பாயல் என்பது வழக்கின் பெயர். இராமநாதபுரம் ராஜாவிடம் சங்கு குளிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு பக்கம், அனுமதி இல்லாமல் சங்கு எடுத்தவர்கள் மறுபக்கம். கடலில் கிடக்கும் சங்கை எடுத்தால் திருட்டா? மீன் என்றால் நீந்திப் போகிறது, பிடிக்கும்வரை யாருக்கும் சொந்தமில்லை. சங்கு ஒரே படுகையில் கிடக்கிறது, அதனால் அது வயலில் விளைந்த பயிர் மாதிரி என்று வாதம். நீதிமன்றம் குத்தகைக்காரர் பக்கம் நின்றது. கடலடி மண்ணுக்கும் 'உடைமை' என்ற சொல் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இந்தத் தீர்ப்பைப் பிற்காலத்தில் சர்வதேசச் சட்டப் புத்தகங்களில்கூட, பாக் விரிகுடா வரலாற்று உரிமையுள்ள கடல் என்பதற்கு எடுத்துக்காட்டுகிறார்கள்.

கச்சத்தீவும் ஒரு வகையில் இதே சிக்கல்தான். 285 ஏக்கர் தீவு. சேதுபதி ஜமீன் அதைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கியது. இதை 'உரிமை' என்று தமிழில் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் சொல்லும்போது இது சொத்துரிமையா, நாட்டின் இறையாண்மையா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். ஒரு ஜமீன்தார் குத்தகை வாங்கியது ஒரு நாட்டின் எல்லைக்குச் சாட்சியாகுமா? 1921-ல் தொடங்கிய பேச்சு 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனதில் முடிந்தது. இதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும், சண்டையும் வரும், விட்டுவிடுகிறேன்.

இனி கடலைத் தாண்டி அக்கரைக்குப் போவோம். அங்கே கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தமிழில் 'தோம்பு' என்று ஒரு சொல் உண்டு. காணிகளின் பழைய பதிவேடு. தமிழ்ச் சொல் மாதிரி இருக்கிறதல்லவா? இல்லை. போர்ச்சுகீசிய 'தோம்போ'. லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே இன்றும் 'தோரே தோ தோம்போ', அதாவது தோம்புக் கோபுரம். 1619-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்ச்சுகீசியர் வரிக்காக ஊர் ஊராக நிலக் கணக்கு எடுத்தார்கள். 1658-ல் வந்த டச்சுக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டு விரிவாக்கினார்கள். சொல்லும் தங்கிவிட்டது. நம்ம பக்கம் ஜன்னலும் சாவியும் அலமாரியும் ஏலமும் கொடுத்த அதே போர்ச்சுகீசியம் அங்கே தோம்பையும் கொடுத்திருக்கிறது. டச்சுக்காரர் கந்தோரையும் நொத்தாரிசையும் கொடுத்தார்கள். கந்தோர் என்றால் ஆபீஸ், நொத்தாரிசு என்றால் பத்திரம் எழுதி அத்தாட்சி செய்பவர்.

நாம் பத்திரம் என்பதை அங்கே உறுதி என்கிறார்கள். நாம் அடமானம் என்பதை அங்கே ஈடு என்கிறார்கள். நமக்கு காணி என்றால் ஒரு அளவு, சுமார் 1.32 ஏக்கர். அவர்களுக்கு காணி என்றால் நிலமேதான். ஒற்றி மட்டும் இரண்டு கரைக்கும் பொது. நாம் பேச்சில் ஒத்தி என்போம். பணத்தைக் கொடுத்து வட்டிக்குப் பதில் வீட்டையோ தோட்டத்தையோ அனுபவிப்பது. சென்னையில் வீட்டை ஒத்திக்கு விடுவதை 'லீசுக்கு விடுவது' என்கிறார்கள், அது இன்னொரு குழப்பம்! மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்து இருப்பதை லண்டன்காரனிடம் போய் லீஸ் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது தேசவழமை. யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து வழக்கங்களை டச்சுக் கவர்னர் உத்தரவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி டச்சு மொழியில் எழுதித் தொகுத்தார். 37 வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1707 ஜனவரியில் எழுதி முடித்தார். அதோடு விட்டிருந்தால் இன்னொரு வில்சன் கதை ஆகியிருக்கும். ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்த டச்சு எழுத்தை ஜான் பைரஸ் என்பவரைக்கொண்டு மறுபடி தமிழில் மொழிபெயர்த்து, 12 முதலியார்களிடம் கொடுத்து, 'நீங்கள் சொன்னது இதுதானா?' என்று கேட்டார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்றபிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. 1806-ல் பிரிட்டிஷார் அதையே சட்டமாக ஏற்றுக்கொண்டு ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள்.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தச் சட்டத்தின் ஆங்கிலத்தில் இன்றும் தமிழ்ச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. முதுசம் என்றால் பெற்றோர் வழி வந்த சொத்து. சீதனம் என்றால் பெண்ணுக்குக் கொடுத்தது. தேடியதேட்டம் என்றால் கல்யாணத்துக்குப்பின் கணவனும் மனைவியும் சம்பாதித்தது. இலங்கை நீதிபதிகள் ஆங்கிலத் தீர்ப்புக்கு நடுவே 'தேடியதேட்டம்' என்று ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். சிங்கள நீதிபதியும் எழுதுகிறார், வெள்ளைக்கார நீதிபதியும் எழுதியிருக்கிறார். அதை யாரும் 'ஓனர்' ஆக்கவில்லை, 'வேஸ்ட்' ஆக்கவில்லை. அர்த்தம் வேண்டுமென்றால் சட்டத்தைப் படி என்று விட்டுவிட்டார்கள்.

இதை என் தோழியிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள். ஸ்பானிஷ் சட்டத்தில் 'கனான்சியாலெஸ்' என்று ஒன்று உண்டாம். கல்யாணத்துக்குப்பின் இருவரும் சேர்த்த சொத்து. 'கனார்' என்றால் சம்பாதிப்பது. அச்சு அசலாகத் தேடியதேட்டம்! ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல்லைத் தேடி அவள் ஒரு வாரம் அலைந்திருக்கிறாள். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு சொத்து முறையே கிடையாது என்பதால் சொல்லும் கிடையாது. தமிழிலிருந்து நேராகக் கொண்டுபோயிருந்தால் ஒரு நொடி வேலை.

ஸ்பெயினின் கடற்கரைச் சட்டத்தைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். 1988-ல் ஒரு சட்டம் போட்டுக் கடற்கரை முழுவதும் 'டொமினியோ பூப்ளிகோ' என்று அறிவித்தார்கள். அந்த எல்லைக்குள் ஏற்கெனவே வீடு வாங்கியிருந்தவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டார்கள். அதற்குப் பதில் 30 வருடம் இருந்துகொள்ளும் அனுமதி. 2013-ல் திருத்தம் செய்து அதை 75 வருடம் வரை நீட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து வீடு வாங்கிய பல பேருக்கு இது விளங்கவே இல்லையாம். கையில் பத்திரம் இருக்கிறது, ஆனால் வீடு பொதுவிடத்தில் இருக்கிறது என்றால் எப்படி? எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தியிடம் கேட்டால், "வீடு கடல் பொறம்போக்குல இருக்குதுடி ஆத்தா" என்று ஒரே வரியில் விளக்கிவிடுவாள்.

இங்கே அதற்குச் சமம் 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர். பிறகு 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எங்கள் ஊர்களின் கதி இருக்கிறது. வலை உலர்த்தும் இடம், கருவாடு போடும் இடம், படகு ஏற்றும் இடம் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டித்தான். இவற்றுக்கெல்லாம் பட்டா கிடையாது. காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம் என்பதைத் தவிர வேறு காகிதம் கிடையாது.

தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. ஊரின் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே போய்விட்டது. அரசாங்கம் அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. கடல் விழுங்கிய மனையின் பட்டா என்ன ஆகும்? 1905 சட்டத்தின்படி உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது, எனவே சர்க்காருடையது. 'வாழத் தகுதியற்ற இடம்' என்பதும் மொழிபெயர்ப்பில் வந்த சொல்தான். அங்கே அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு, மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து வாழ்ந்தார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டதும் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். தகுதியற்ற இடத்தில் பார்க்கிங் மட்டும் கிடைப்பதில்லை.

மொழிபெயர்ப்பு ஒரு சட்டப் பிரச்சினைதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட சம்பவம் ஒன்று அண்மையில் நடந்தது. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்டது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தங்கச்சிமடத்தில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம்! அந்த ஜூன் 30-ம் தேதி, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனது. மீனவனுக்குப் புரியும் மொழியில் ஒரு காகிதம் கொடு என்பதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1707-ல் ஒரு டச்சுக் கம்பெனி 12 பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டியிருக்கிறது.

எங்கள் காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து வழியையே பின்பற்றினேன். பட்டா, நத்தம், புறம்போக்கு மூன்றையும் மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்தேன். கீழே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். நத்தத்துக்கு: பழங்காலம் தொட்டு ஊர் மக்கள் வீடு கட்டி வாழும் குடியிருப்பு நிலம். கடற்கரைப் புறம்போக்குக்கு: ஊரின் பொதுப் பயன்பாட்டுக்காகத் தீர்வை விதிக்காமல் விட்ட கடற்கரை. தூய பட்டாவுக்கு: ஆட்சேபணைகளை விசாரித்தபின் வழங்கிய இறுதிப் பட்டா. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதத்தான்டா நானும் அந்த ஆளுகிட்டச் சொல்ல நெனச்சேன்" என்றார். நோட்டரி முத்திரை வாங்கிப் போன வாரம் மறுபடி கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

தோழி அவள் பத்திரத்தில் கதாஸ்த்ரோவை அப்படியே விட்டுவிட்டாள். பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கிறாள்: இது வரிக் கணக்கு மட்டுமே, சொத்துரிமைக்கு ரெஹிஸ்த்ரோவைப் பார்க்கவும்.